நாலு கேஸ் போட்ட வாட்ச்: இஸ்தான்புல்லுக்காக லண்டன்ல செஞ்ச ஒரு பாக்கெட் வாட்ச்சின் கதை

(பேசினதைப் படிக்க வசதியா சுருக்கி, கொஞ்சம் திருத்திய எழுத்து வடிவம் இது.)

போன எபிசோட் முழுக்க டேட்டாபேஸ் பத்திப் பேசி உங்களை ஒரு வழி பண்ணிட்டேன். இந்த வாரம் கம்ப்யூட்டருக்கு லீவு. ஒரு பழைய பாக்கெட் வாட்ச் பத்திப் பேசப் போறேன். ஆனா கடைசியில பார்த்தா இதுவும் நம்ம வேலை மாதிரியே இருக்கும், பாருங்க.

ஆன்சைட்ல லண்டன்ல இருந்தப்போ ஒரு சனிக்கிழமை பழைய பொருள் விக்கிற சந்தைக்குப் போயிருந்தேன். வாங்கணும்னு போகலை, வெயில் அடிச்சதுன்னு போனேன். ஒரு மேஜையில ஒரு வாட்ச் இருந்தது. கையில எடுத்தா ஒரு சின்ன வெங்காயம் அளவுக்குத் தடிமன். டயல்ல இருந்த எண்கள் நம்ம எண்களும் இல்ல, ரோமன் எண்களும் இல்ல. அரபு வகை எண்கள். 7 ஆங்கில 'வி' மாதிரி, 8 அதே 'வி'யைக் கவுத்துப் போட்ட மாதிரி, 10-க்கு ஒரு கோடும் ஒரு புள்ளியும்.

கடைக்காரர் நான் இந்தியன்னு பார்த்ததும், "இது உங்க ஊர் மகாராஜா ஒருத்தருக்காகச் செஞ்சது, ரொம்ப அபூர்வம்"னு ஆரம்பிச்சார். விலை 900 பவுண்ட். எனக்கு அது சின்னத் தொகை இல்ல. ஆனா மனசு அதை விட்டு வரலை. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் எனக்காக எடுத்து வைக்கறேன்னு சொன்னார். நல்லா போட்டோ எடுத்துக்கிட்டு வந்தேன். ஒரு வாரம் டைம். கேள்வி ஒண்ணுதான்: இது என்ன வாட்ச்? சொன்னபடி அபூர்வமா, இல்ல நான் ஏமாறப் போறேனா?

எண்களை வச்சு நாட்டைச் சொல்ல முடியாது

முதல்ல மகாராஜா கதையைப் பார்த்தேன். இந்த எண் குடும்பம் எகிப்துல இருந்து ஹைதராபாத் வரைக்கும் சின்னச் சின்ன மாற்றத்தோட புழக்கத்தில் இருந்தது. அதனால டயலை மட்டும் பார்த்து யாருக்குச் செஞ்சதுன்னு சொல்லிட முடியாது. மத்த விஷயங்களையும் சேர்த்துப் பார்க்கணும்.

பின்னாடி திறந்தா, உள்ளே மெஷின் தட்டுல 'எட்வர்ட் ப்ரையர், லண்டன்'னு பேர் செதுக்கியிருந்தது, கூட ஒரு சீரியல் நம்பர். இந்தப் பேர்தான் முதல் நல்ல துப்பு. ஜார்ஜ் ப்ரையர், அவர் மகன் எட்வர்ட் ப்ரையர், இவங்க ரெண்டு பேரும் ஒட்டோமான் பேரரசுக்கு, அதாவது இன்னைக்கு நாம துருக்கின்னு சொல்ற நாடும் அதைச் சுத்தி இருந்த பெரிய பிரதேசமும், அந்தச் சந்தைக்குன்னே வாட்ச் செஞ்சு அனுப்பினவங்க. இவங்களுக்கு முன்னாடியே மார்க்விக் மார்க்கம்னு ஒரு லண்டன் பேர் அங்கே பிரபலம். மாமனார் மார்க்விக், மருமகன் மார்க்கம். அந்தப் பேருக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. அவங்க காலம் முடிஞ்ச பிறகும் வேற தயாரிப்பாளர்கள் 'மார்க்விக் மார்க்கம் பெரிகல்', 'மார்க்விக் மார்க்கம் பொரெல்'னு தங்க பேரைப் பின்னாடி ஒட்ட வச்சு வித்திருக்காங்க. நம்ம ஊர்ல பழைய அல்வா கடைப் பேருக்கு நடக்கறதுதான்.

லண்டனுக்கும் இஸ்தான்புல்லுக்கும் வியாபாரம் பழசு. லெவன்ட் கம்பெனி 16-ஆம் நூற்றாண்டுலயே அரச அனுமதி வாங்கி அந்தப் பக்கம் வியாபாரம் பண்ணிட்டிருந்தது. ஜெனீவாவில இருந்தும் வாட்ச்காரங்க போய் இஸ்தான்புல்ல குடியிருந்தாங்க. தத்துவவாதி ரூசோ இருக்காரே, அவங்க அப்பா ஐசக் ரூசோ ஒரு வாட்ச்காரர். அங்கே போய் சில வருஷம் வேலை பார்த்துட்டுத் திரும்பி வந்தவர். அவர் வந்த பிறகு, 1712-ல பிறந்தவர்தான் ரூசோ.

பேர் இருந்தா போதுமா?

பேர் கிடைச்சதும் துள்ளிக் குதிச்சேன். ஒரு மணி நேரத்துல அந்தச் சந்தோஷம் போயிடுச்சு. 'லண்டன்'னு பேர் போட்டா அந்த நாட்டுல நல்ல விலை போகும்னு தெரிஞ்சு, ஐரோப்பாவின் மத்த இடங்கள்ல செஞ்ச மலிவான வாட்ச்கள்லயும் லண்டன் பேரைச் செதுக்கி அனுப்பியிருக்காங்க. 1690-களின் கடைசியில இங்கிலாந்துல ஒரு சட்டமே போட்டாங்க: உள்ளே மெஷின் இல்லாம வெறும் கேஸையோ டயலையோ வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, செஞ்சவர் பேர் அதுல இருக்கணும்னு. ஏன்? வெறும் இங்கிலீஷ் கேஸ் வெளியே போய், அதுக்குள்ளே ஏதோ ஒரு மட்டமான மெஷினை வச்சு, லண்டன் வாட்ச்னு வித்துட்டிருந்தாங்க. ஏற்றுமதி எவ்வளவு பழசோ போலியும் அவ்வளவு பழசு.

அப்போ எப்படிக் கண்டுபிடிக்கறது? எழுத்தை நம்பாம இயந்திரத்தைப் பார்க்கணும். ரெண்டு விஷயம் சொல்றேன், ஞாபகம் வச்சுக்கங்க.

ஒண்ணு, பேலன்ஸ் வீல். வாட்ச்சுக்குள்ளே முன்னும் பின்னும் ஆடுற சக்கரம். அதுக்கு மேலே அழகா செதுக்கின ஒரு மூடி இருக்கும். இங்கிலீஷ் வாட்ச்ல அந்த மூடிக்கு ஒரு கால்தான், ஒரு பக்கம் மட்டும் திருகாணி. பிரான்ஸ், சுவிஸ் பக்கத்து வாட்ச்கள்ல பெரும்பாலும் பாலம் மாதிரி ரெண்டு பக்கமும் கால்.

ரெண்டு, சாவி கொடுக்கிற இடம். அந்தக் காலத்து வாட்ச்சுக்குத் தனியா ஒரு குட்டிச் சாவி உண்டு. இங்கிலீஷ் வாட்ச்ல பின்பக்கமா சாவி கொடுப்பாங்க. பிரெஞ்சு வாட்ச்கள்ல டயல்லயே ஒரு ஓட்டை இருக்கும்.

என் போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். மூடிக்கு ஒரே கால். டயல்ல ஓட்டை இல்ல. சரி, மெஷின் இங்கிலீஷ்தான்னு நம்பலாம்.

வெங்காயத்தோல் மாதிரி நாலு கேஸ்

அடுத்தது கேஸ். வெங்காயம்னு ஏன் சொன்னேன்னா, ஒண்ணுக்குள்ளே ஒண்ணா நாலு கேஸ். அந்தக் காலத்துல இங்கிலாந்துல வித்த வாட்ச்சுக்கு வழக்கமா ரெண்டு கேஸ். துருக்கிக்கு அனுப்பினதுக்கு மூணு. அங்கே போன பிறகு உள்ளூர்ல பல நேரம் நாலாவதா ஒண்ணு போடுவாங்க. அதுல வெள்ளி, தோல், ஆமை ஓடுன்னு அலங்காரம் பண்ணியிருப்பாங்க. கேஸ் மேல பூ, பழம், கட்டடம், ஆயுதங்கள் செதுக்குவாங்க. மனித உருவம் பொதுவா இருக்காது. வாங்கறவங்க பழக்கம் தெரிஞ்சு செஞ்ச வேலை. தினமும் சாவி கொடுக்கணும்னா வெளிக்கேஸ் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கழட்டணும். யூஸர் எக்ஸ்பீரியன்ஸ் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை.

வெள்ளிக் கேஸ்ல ஹால்மார்க் இருக்கும். நம்ம நகைக்கடையில பார்க்கற அதே யோசனை, ஆனா பல நூறு வருஷம் பழசு. நடக்கிற சிங்கம் இருந்தா ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது 92.5 சதவீதம். சிறுத்தைத் தலை இருந்தா லண்டன்ல சோதிச்சது. கேஸ் செஞ்சவரோட இனிஷியல். கடைசியா ஒரு எழுத்து, அதுதான் வருஷம். அந்தக் காலத்துல லண்டன்ல 20 எழுத்து வரிசையா வரும், முடிஞ்சதும் எழுத்தோட வடிவத்தை மாத்தி மறுபடி முதல்ல இருந்து. அப்போ வருஷம் மே மாசத்துல மாறும்.

என் வாட்ச்ல முதல் கேஸ்லயும் ரெண்டாவது கேஸ்லயும் ஒரே இனிஷியல், சின்ன 'எம்' எழுத்து. அட்டவணையில பார்த்தா 1827-28. ரெண்டுலயும் இருந்த நம்பர், மெஷின்ல இருந்த அதே சீரியல் நம்பர். அப்போ இந்த மூணும் ஒண்ணாப் பிறந்தது.

மூணாவது கேஸ்ல பெரிய 'இ'. அது 1840-41. இனிஷியல் வேற. நம்பரும் வேற. வேற ஒரு வாட்ச்சோட மூணாவது கேஸ் இது. எப்பவோ யாரோ ரெண்டு வாட்ச்சைப் பிரிச்சு, கிடைச்சதைச் சேர்த்து ஒண்ணாக்கி வித்திருக்காங்க. வாட்ச் சேகரிக்கறவங்க இதுக்கு 'கல்யாணம் பண்ணி வச்சது'ன்னு பேர் வச்சிருக்காங்க. ஜோடி பொருந்தலைன்னா விலை குறையும்.

நாலாவது கேஸ்ல லண்டன் முத்திரையே கிடையாது. மேலே ஆமை ஓடு, அதுல குட்டிக் குட்டி வெள்ளி ஆணிகள். அதைப் பத்திக் கடைசியில சொல்றேன். அங்கேதான் சிக்கலே.

ஏன் பழைய டெக்னாலஜி?

இப்போ இஞ்சினியருக்கு வர்ற சந்தேகம். 1827-ல லண்டன்ல லீவர் எஸ்கேப்மென்ட், டூப்ளெக்ஸ் எஸ்கேப்மென்ட் எல்லாம் வந்தாச்சு. எஸ்கேப்மென்ட்னா ஸ்பிரிங்கோட சக்தியை மொத்தமா ஓடவிடாம, டிக் டிக்னு துளித்துளியா விடுற பகுதி. வாட்ச் எவ்வளவு சரியா ஓடும்ங்கறது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. ஆனா துருக்கிக்குப் போன வாட்ச்கள்ல இன்னும் வெர்ஜ்னு ஒரு பழைய வகைதான். என் வாட்ச்லயும் அதுதான். கிரீடம் மாதிரி பல் வச்ச ஒரு சக்கரம், எதிர்ல ரெண்டு சின்னத் தகடு வச்ச ஒரு தண்டு. நல்லா சர்வீஸ் பண்ணின வெர்ஜ்கூட நாளைக்குச் சில நிமிஷம் முன்ன பின்ன போகும். ப்ரையர் பேர்ல 19-ஆம் நூற்றாண்டு நடுவுலகூட அதையே அனுப்பிட்டிருந்தாங்க.

முதல்ல எனக்குத் தோணினது: பழைய சரக்கை ஏமாளி தலையில கட்டியிருக்காங்க. நானே தப்பு. அது புரிய, அங்கே நேரத்தை எப்படி எண்ணினாங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

சூரியன் மறையும்போது மணி 12

ஒட்டோமான் நாட்டுல நாள் நள்ளிரவுல தொடங்காது. சூரியன் மறையும்போது தொடங்கும். மறையற நேரம்தான் மணி 12. அங்கே இருந்து 12 மணி நேரம், அப்புறம் இன்னொரு 12. பின்னாடி ஐரோப்பிய நேரமும் சேர்ந்து புழங்க ஆரம்பிச்சப்போ, இதுக்கு 'அலாதுர்கா' நேரம்னு பேர், அதாவது துருக்கி முறை.

நமக்கு இது அந்நியமே இல்ல. பஞ்சாங்கத்துல உதயாதி நாழிகைன்னு போட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. சூரிய உதயத்துல இருந்து எண்ணுற நாழிகை, ஒண்ணுக்கு 24 நிமிஷம், நாளைக்கு 60. நாம உதயத்துல ஆரம்பிச்சோம், அவங்க அஸ்தமனத்துல ஆரம்பிச்சாங்க.

ஆனா ஒரு வித்தியாசம். சென்னையில சூரியன் மறையற நேரம் வருஷம் முழுக்கப் பார்த்தாலும் சுமார் ஒரு மணி நேரம்தான் மாறும். இஸ்தான்புல் 41 டிகிரி வடக்குல இருக்கு. அங்கே கோடைக்கும் குளிர்காலத்துக்கும் கிட்டத்தட்ட மூணு மணி நேர வித்தியாசம். நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்தேன். இன்னைக்கு இஸ்தான்புல்ல காலை 9 மணிக்கு மீட்டிங்னு வச்சுக்கங்க. ஜூன் கடைசியில அது அலாதுர்கா நேரப்படி சுமார் 12:20. டிசம்பர் கடைசியில அதே மீட்டிங் சுமார் 3:20. டைம்ஜோன் பக் பார்த்து அழுத நம்ம ஆளுங்க யாராவது இதைக் கேட்டா மயக்கம் போட்டுடுவாங்க.

அப்போ மக்கள் என்ன பண்ணினாங்க? வாட்ச்சைத் தினமும் திருத்தினாங்க. பெரிய மசூதிகளுக்குப் பக்கத்துல 'முவக்கித்கானே'ன்னு ஒரு அறை இருக்கும். நேரம் கணிக்கறவர் அங்கே இருப்பார், கடிகாரம் இருக்கும். வழியில போறவங்க நின்னு தங்க வாட்ச்சைச் சரிபண்ணிட்டுப் போவாங்க.

இப்போ வெர்ஜுக்கு வாங்க. சூரியன் மறையற நேரமே நாளைக்கு ஒரு நிமிஷத்துக்கு மேலகூட நகரும். எவ்வளவு துல்லியமான வாட்ச் போட்டாலும் தினமும் முள்ளைத் திருப்பியே ஆகணும். எப்படியும் தினமும் திருத்துற ஒருத்தருக்கு, மாசக்கணக்குல துல்லியமா ஓடுற வாட்ச்சால என்ன பெரிய லாபம்? வெர்ஜ் உழைக்கும், எந்த ஊர் வாட்ச்காரருக்கும் ரிப்பேர் பண்ணத் தெரியும். ஏமாளி தலையில கட்டினதுன்னு நான் நினைச்சது, அந்த ஊருக்குப் போதுமான, பொருத்தமான இயந்திரம்.

நாம சாஃப்ட்வேர்ல லோக்கலைசேஷன்னு சொல்லி பட்டன்ல இருக்கற வார்த்தையை மட்டும் மாத்திட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். இந்த வாட்ச்ல எண்கள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியற மாற்றம். கேஸ், அலங்காரம், உள்ளே இருக்கற எஸ்கேப்மென்ட் வரைக்கும் யார் கையில இருக்கப் போகுதுன்னு யோசிச்சா மட்டும்தான் அர்த்தமாகுது. ஏற்றுமதிக்குச் செஞ்ச எந்தப் பழைய பொருளை ஆராய்ஞ்சாலும், செஞ்சவர் பேரைத் தேடற அளவுக்கு, வாங்கினவரோட ஒரு நாள் எப்படி இருந்ததுன்னும் தேடுங்க. எனக்குப் பாதி விடை அங்கேதான் கிடைச்சது.

மூணே வருஷத்துல

துருக்கி குடியரசான பிறகு 1926 ஜனவரி 1-ல இருந்து நள்ளிரவுல தொடங்கற 24 மணி நேர முறை சட்டமாச்சு. 1928-ல எண்களும் எழுத்தும் லத்தீன் முறைக்கு மாறிச்சு. யோசிச்சுப் பாருங்க. தாத்தாவோட வாட்ச் நல்லா ஓடிட்டிருக்கு. ஆனா மூணு வருஷத்துக்குள்ளே அது காட்டற நேரமும் செல்லாது, அதுல இருக்கற எண்களைப் பள்ளிக்கூடம் போற பேரனுக்குப் படிக்கவும் தெரியாது. வாட்ச்ல ஒரு பழுதும் இல்ல. அதைச் சுத்தி இருந்த உலகம்தான் மாறிடுச்சு.

உபயோகம் இல்லாமப் போன வாட்ச்சுக்கு என்ன ஆகும்? வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் கேஸ் உருக்குப் போகும். மெஷின் மட்டும் தனியா ஒரு டப்பாவுல கிடக்கும். அப்படி அநாதையான மெஷின்கள் இன்னைக்கும் ஏகப்பட்டது விற்பனைக்கு வருது. ஒரு வாட்ச்சோட கேஸ் இன்னொண்ணுக்குப் போறதும் இப்படித்தான்.

சனிக்கிழமை

வாரம் முடிஞ்சது. என் முடிவு: மகாராஜாவும் இல்ல, ஹைதராபாத்தும் இல்ல. ஒட்டோமான் சந்தைக்கு லண்டன்ல செஞ்ச, எட்வர்ட் ப்ரையர் பேர் போட்ட வாட்ச். மெஷினும் முதல் ரெண்டு கேஸும் ஒரே குடும்பம். மூணாவது வேற வீட்டுப் பிள்ளை. ப்ரையர் வாட்ச் நிறையவே தப்பிச்சிருக்கு, அதனால 'உலகத்துலயே ஒண்ணு' எல்லாம் கிடையாது. ஆனா நாலு கேஸோட முழுசா இருக்கறது அவ்வளவு சுலபமா கிடைக்காது.

வாங்கலாம்னு ஏறக்குறைய முடிவு பண்ணிட்டேன். அப்போதான் அந்த நாலாவது கேஸ் உறைச்சது. ஆமை ஓடு. அந்த மாதிரி வேலைக்குப் பெரும்பாலும் அழுங்காமையோட ஓடுதான் எடுப்பாங்க. நம்ம மன்னார் வளைகுடாவுல இருக்கற அதே ஆமை. சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தமான சைட்டீஸ்ல அது முதல் பட்டியல். பழைய பொருளா இருந்தாலும் பர்மிட் இல்லாம எல்லை தாண்டக் கூடாது. இந்தியாவுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துலயும் அதுக்கு உச்சப் பாதுகாப்பு. நான் ரெண்டு மாசத்துல ஊர் திரும்பணும். பையில வச்சு சென்னை ஏர்போர்ட்ல இறங்கினா கதை கந்தல்.

கடைக்காரர்கிட்ட சொன்னேன். மூணாவது கேஸ் பொருந்தாததையும் போட்டோவுல காட்டினேன். கோபப்படலை, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சுலபமா ஒரு வழி சொன்னார்: "ஆமை ஓட்டுக் கேஸை நான் வச்சுக்கறேன். மத்த மூணையும் 600-க்கு எடுத்துக்கோ."

நல்ல விலைதான். ஒரு நிமிஷம் கை பர்ஸுக்குப் போச்சு. ஆனா அந்த மூணாவது கேஸ் கண்ணு முன்னாடி நின்னது. எப்பவோ ஒருத்தர் இதே மாதிரி ஒரு மேஜை முன்னாடி நின்னு, "இது எனக்கு, அது உனக்கு"ன்னு பிரிச்சதாலதான் அது அங்கே வந்து சேர்ந்தது. ஒரு வாரமா அந்த ஆளைத் திட்டிட்டு, இப்போ நானே அந்த ஆளா நிக்கறேன்.

வேணாம்னு சொல்லிட்டேன். நான் கண்டுபிடிச்சதை எல்லாம் ஒரு பக்கத்துல டைப் பண்ணி எடுத்துட்டுப் போயிருந்தேன்: எந்தச் சந்தைக்குச் செஞ்சது, எந்த வருஷம், எது பொருந்துது, எது பொருந்தலைன்னு. அதை அவர்கிட்ட கொடுத்தேன். படிச்சுட்டு நாலா மடிச்சு வாட்ச் இருந்த டப்பாவுக்குள்ளே வச்சார். "மகாராஜான்னு இனி சொல்லக் கூடாதா?"ன்னு கேட்டார். "சுல்தான்னும் சொல்லாதீங்க"ன்னு சொன்னேன். சிரிச்சார்.

அதுக்கப்புறம் அது யார்கிட்ட போச்சுன்னு தெரியாது. நாலு கேஸோட சேர்ந்தே போயிருக்கணும்னு ஒரு ஆசை. அந்த ஸ்கிரிப்ட் மட்டும் இன்னும் என் போன்ல ஓடிட்டிருக்கு. சாயங்காலம் சூரியன் மறையும்போது 12-னு காட்டும்.

உங்க வீட்டுல பழைய வாட்ச் ஏதாவது இருந்தா, தூக்கிப் போடறதுக்கோ எடைக்குப் போடறதுக்கோ முன்னாடி ஒரு தடவை திறந்து, உள்ளே இருக்கற நம்பரையும் கேஸ்ல இருக்கற நம்பரையும் ஒத்துப் பாருங்க. ஏதாவது சுவாரசியமா கிடைச்சா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.